படகைக் கரையேத்தணுமா, தண்ணியிலயே விடணுமா? ஒரு திரேஸ்புரம் கணக்கு



நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ மாச சம்பளத்துக்கு வேலை பார்க்குறீங்க. ஊர்ல அப்பா பேர்லயோ அண்ணன் பேர்லயோ ஒரு நாட்டுப்படகு இருக்கு. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை போன் வருது. "தம்பி, படகுல வேலை இருக்கு, ஒரு நாற்பதாயிரம் அனுப்பு." கையில அவ்வளவு இருக்காது. உடனே ஆப்ல பெர்சனல் லோன் போட்டு அனுப்பிடுறீங்க. அந்த இ.எம்.ஐ. முடியுறதுக்குள்ள அடுத்த போன் வந்துடுது.

தூத்துக்குடி திரேஸ்புரம் பக்கத்துல இருந்து வேலைக்கு வந்த பல பேருக்கு இது பழகின கதை. இந்தச் செலவுல ஒரு பெரிய பங்கு, படகு கடலுக்குப் போகாத நேரத்துல எங்க நிக்குது, எப்படி நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. அதனால இன்னைக்குப் பேசப்போறது ஒரே ஒரு கேள்வி: படகைக் கரையில ஏத்தி வைக்கிறது லாபமா, தண்ணியிலயே நங்கூரம் போட்டு விடுறது லாபமா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வருஷத்துல 100 நாளுக்கு மேல கடலுக்குப் போற படகு தண்ணியிலயே நிக்கட்டும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை, முன்னாடியே தேதி குறிச்சு, அதைக் கரையேத்தியே ஆகணும். அந்தச் செலவுக்கான பணம் மாசாமாசம் தனியா சேரணும். அந்தப் பொறுப்பை எடுத்துக்க வீட்டுலயே சரியான ஆள், நிலையான சம்பளம் வாங்குற நீங்கதான்.

ஃபுளோரிடா லிஃப்ட் நமக்கு ஆகுமா?

யூடியூப்ல பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கால்வாய். அதுல ஒரு இரும்புச் சட்டம். பட்டனைத் தட்டினா மோட்டார் சுத்தும், படகு அப்படியே தண்ணிக்கு மேல வந்து நிக்கும். அதுக்குப் பேர்தான் படகு லிஃப்ட். அந்தப் படகு பெரும்பாலும் வார லீவுல சுத்துறதுக்கு. மாசத்துல நாலஞ்சு நாள் ஓடும், மீதி நாள் சும்மா நிக்கும். சும்மா நிக்கிற பொருளை உப்புத்தண்ணியில ஊறவிடாம தூக்கி வைக்கிறது நியாயமான செலவு.

திரேஸ்புரத்துல கதை வேற. இங்க லிஃப்ட்டுன்னா கிரேன், வின்ச், டிராக்டர், இல்லைன்னா ஆள் தோள். அலை அடிக்கிற திறந்த கடற்கரையில சின்ன பைபர் படகை தினமும் மணல்ல இழுத்துப் போடுறதைப் பார்க்கலாம். அங்க அலை அதிகம், நங்கூரம் போட்டு நிறுத்த முடியாது. தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடா. முன்னாடி தீவுகள் இருக்கு, அலையோட வேகம் குறைவு. உள்ளேயே டீசல் இன்ஜின் வச்ச கனமான வள்ளங்களை இங்க தண்ணியிலயே நிறுத்த முடியுது. பல படகுகள் தங்கல் போயிட்டு சனிக்கிழமை கரைக்கு வரும். அன்னைக்குத்தான் ஏலக்கூடத்துல சீலாவுக்கும் பாறைக்கும் கூட்டம். இப்படி ஓடுற படகை ஒவ்வொரு தடவையும் கரையேத்தி இறக்குறது நடக்கிற காரியம் இல்ல.

"கடல் வத்தும்போது படகு தானா தரைதட்டட்டும், அப்போ அடியைச் சுத்தம் பண்ணிக்கலாம்"னு சிலர் கேட்பாங்க. குஜராத்துல அலங் கரையில அப்படித்தான் பெரிய கப்பலையே உடைக்கிறதுக்காகக் கரையேத்துறாங்க. அந்த வளைகுடாவுல ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். தூத்துக்குடியில அது ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் நமக்காக இலவசமா படகைத் தூக்கித் தராது. தூக்கணும்னா காசு கொடுத்துத்தான் தூக்கணும்.

தண்ணியில நிக்கிற படகு சத்தமில்லாம கேட்கிற காசு

தண்ணியில நிக்கிறதுக்கு வாடகை இல்லைன்னு தோணும். ஆனா முதல் செலவு அடியில ஒட்டுற உயிர்கள்ல ஆரம்பிக்குது. முதல்ல வழுவழுன்னு ஒரு படலம், அப்புறம் பாசி, அப்புறம் சிப்பி மாதிரி கெட்டியா ஒட்டுற கொட்டலசு. நம்ம கடல் வருஷம் முழுக்க வெதுவெதுப்பா இருக்கிறதால இதுங்க வளர்ச்சிக்கு லீவே கிடையாது. அடி சொரசொரப்பானா தண்ணி படகைப் பின்னால இழுக்கும். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிக டீசல் குடிக்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னா, சர்வதேச கடல்சார் அமைப்பு 2021-ல வெளியிட்ட ஆய்வுல, கப்பல் அடியில பாதி பரப்புல வெறும் அரை மில்லிமீட்டர் வழுக்குப் படலம் இருந்தாலே புகை வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம்னு சொல்றாங்க. அது பெரிய கப்பல் கணக்கு. நம்ம வள்ளத்துக்கு அதே எண் பொருந்தணும்னு இல்ல. ஆனா திசை அதுதான்: அழுக்கு அடி, அதிக டீசல்.

ரெண்டாவது செலவு உலோகம். ப்ரொப்பல்லர், அதோட தண்டு, ஆணி எல்லாம் வேற வேற உலோகம். உப்புத்தண்ணியில அதுங்க ஒண்ணாச் சேர்ந்தா ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அதுல ஒண்ணு அரிச்சுப் போகும். அதைத் தடுக்கத்தான் துத்தநாகக் கட்டி வைக்கிறாங்க. முதல்ல அது கரையும், மத்ததைக் காப்பாத்தும். அது முழுசா கரைஞ்சப்புறமும் மாத்தலைன்னா அடுத்து ப்ரொப்பல்லர்தான்.

மூணாவது படகோட உடம்பு. பைபர்ல மேல்பூச்சு தேய்ஞ்ச இடத்துல தண்ணி உள்ள இறங்கி கொப்புளம் கிளப்பும். மரப்படகுன்னா கப்பல் புழு துளைக்கும். இது பழைய தலைவலி. 1761-ல பிரிட்டிஷ் கடற்படை அலாரம்ங்கிற கப்பலோட அடியில செம்புத்தகடு அடிச்சு சோதிச்சுப் பார்த்துச்சு. புழுவும் பாசியும் அடங்குச்சு, ஆனா செம்பு பட்ட இரும்பு ஆணிகள் அரிச்சுப்போச்சு. ஒரு பக்கம் மிச்சம் பிடிச்சா இன்னொரு பக்கம் செலவு எட்டிப் பார்க்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. இன்னைக்கும் பாசி பிடிக்காம அடிக்கிற அடிப்பெயிண்ட் பலதுல செம்புதான் முக்கியச் சரக்கு.

கரையில நிக்கிற படகும் சும்மா நிக்கலை

கரையேத்திட்டா நிம்மதின்னு நினைக்காதீங்க. ஏத்துறதுக்கும் இறக்குறதுக்கும் ஒவ்வொரு தடவையும் கூலி. இழுக்கும்போது அடி தேயும். கட்டை சரியா முட்டுக் கொடுக்கலைன்னா படகோட மொத்த எடையும் ஒரே இடத்துல இறங்கி பைபர் விரியும். தூத்துக்குடி வெயில்ல மூடாம விட்டா பூச்சு வெளுத்துப் பொடியாகும். மரப்படகு ரொம்ப நாள் காய்ஞ்சா பலகை சுருங்கி இடுக்கு விடும், இறக்கினதும் தண்ணி உள்ள வரும்.

இடமும் ஒரு பிரச்சனை. பக்கிள் ஓடை கடல்ல கலக்குற இடம் திரேஸ்புரம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் வீடுகள். எல்லாப் படகையும் ஒரே நேரத்துல ஏத்தி வைக்கிற அளவு மணல் அங்க இல்ல.

இப்போ கணக்கு போடலாம்

கீழ இருக்கிற எண்ணெல்லாம் கணக்கு புரியுறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க வீட்டு எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

ஒரு வள்ளம். ஒரு நாள் ஓட்டத்துக்கு 20 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய்.

*முறை 1: ஒவ்வொரு தடவையும் கரையேத்துறது.* ஏத்தி இறக்க ஒரு நாளைக்கு 600 ரூபாய். தார்ப்பாய், முட்டுக்கட்டைக்கு வருஷம் 5,000.

*முறை 2: தண்ணியில நிறுத்தி, வருஷத்துக்கு ரெண்டு தடவை கரையேத்துறது.* ஒரு தடவைக்கு கிரேன் 4,000, சுரண்டி பெயிண்ட் அடிக்க 12,000. ஆக ரெண்டு தடவைக்கு 32,000. நங்கூரம், கயிறுக்கு 10,000. ரெண்டு சுத்தத்துக்கு நடுவுல சராசரியா 8 சதவீதம் டீசல் கூடுதல், அதாவது ஒரு நாளைக்கு 144 ரூபாய்.

*முறை 3: தண்ணியிலயே விட்டுட்டு, கெட்டுப்போனா பார்த்துக்கலாம்.* கயிறுக்கு 10,000. டீசல் 20 சதவீதம் கூடுதல், ஒரு நாளைக்கு 360 ரூபாய்.

வருஷம் 220 நாள் ஓடுற படகுக்கு:
முறை 1: 1,37,000 ரூபாய்.
முறை 2: 73,680 ரூபாய்.
முறை 3: 89,200 ரூபாய்.

வருஷம் 40 நாள் மட்டும் ஓடுற படகுக்கு:
முறை 1: 29,000 ரூபாய்.
முறை 2: 47,760 ரூபாய்.
முறை 3: 24,400 ரூபாய்.

முறை 1-ம் முறை 2-ம் சமமாகுற இடம் சுமார் 81 நாள். அதுக்குக் கீழ ஓடுற படகை கரையில வைக்கலாம். அதுக்கு மேலன்னா தண்ணிதான். கூலியும் டீசல் விலையும் மாறும்ங்கிறதால நான் கொஞ்சம் இடம் விட்டு 100 நாள்னு சொன்னேன். திரேஸ்புரத்துலயே ஒரு படகு தினமும் மீனுக்குப் போகும். இன்னொண்ணு சங்கு குளிக்கப் போகும், கடல் கலங்கின நாள்ல அதுக்கு வேலை இல்ல. பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு படகுக்கும் ஒரே பதில் இருக்கணும்னு அவசியம் இல்ல. அதனால "பக்கத்து வீட்டு மாமா அப்படித்தான் வச்சிருக்காரு"ங்கிறதை வச்சு முடிவெடுக்காதீங்க. உங்க படகு எத்தனை நாள் ஓடுதுன்னு எண்ணுங்க.

40 நாள் படகுக்கு முறை 3 தானே மலிவுன்னு கேட்பீங்க. அதுல ரிப்பேரே சேர்க்கல. அரிச்சுப்போன ப்ரொப்பல்லர், கொப்புளம் வெட்டி ஒட்டுற பைபர் வேலை, படகு நின்ன நாள்ல போன வருமானம், எதுவும் இல்ல. அதையெல்லாம் விட்டுட்டுப் பார்த்தும் 220 நாள் படகுக்கு முறை 2-ஐ விட 15,520 ரூபாய் அதிகம். "செலவே பண்ணாம விடுறது"தான் தினமும் ஓடுற படகுக்கு விலை உயர்ந்த வழி.

டீசல்ல இன்னொரு கணக்கும் இருக்கு. 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல, இன்ஜின் வச்ச நாட்டுப்படகுக்கான வரிவிலக்கு டீசலை வருஷத்துக்கு 4,000 லிட்டர்ல இருந்து 4,400 லிட்டரா உயர்த்துறதா முதல்வர் அறிவிச்சார். நம்ம உதாரணப் படகுக்கு 220 நாளுக்கு 20 லிட்டர்னா சரியா 4,400 லிட்டர். அடியில ஒட்டின கொட்டலசு குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் அந்த அளவுக்கு மேல போகுது. அதுக்கு பங்க்ல முழு விலை.

விசைப்படகுக்கு தேதி இருக்கு, நாட்டுப்படகுக்கு இல்ல

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-ல 45 நாளா ஆரம்பிச்சது, 2017-ல 61 ஆச்சு. மீன் வளம் பெருகத்தான் இந்தத் தடை. ஆனா விசைப்படகு ஓனர்களுக்கு இதனால இன்னொரு பழக்கமும் வந்துச்சு. எப்படியும் ஓட்ட முடியாது, அதனால அந்த ரெண்டு மாசத்துல படகைக் கரையேத்தி சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சு மாட்டிடுறாங்க. சட்டமே சர்வீஸ் தேதி குறிச்சுக் கொடுத்த மாதிரி.

நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்ல. வருஷம் முழுக்கப் போகலாம். நல்லதுதான். ஆனா யாரும் நிறுத்தச் சொல்லாததால நாமளும் நிறுத்துறது இல்ல. "இந்த வாரம் சீலா நல்லா படுது, அடுத்த வாரம் பார்க்கலாம்." அந்த அடுத்த வாரம் வர்றது இன்ஜின் மல்லாந்த அன்னைக்குத்தான்.

உங்க சம்பளத்துல பி.எஃப். பிடிக்கிறதை நினைச்சுப் பாருங்க. உங்களைக் கேட்டு மாசாமாசம் பிடிச்சிருந்தா எத்தனை மாசம் சரின்னு சொல்லியிருப்பீங்க? கேட்காம பிடிக்கிறதாலதான் சேருது. படகுக்கும் அப்படி ஒரு தேதி வேணும், அதை நாமளே குறிச்சுக்கணும்.

எந்தத் தேதி? எப்படியும் தொழிலுக்குப் போகாத நாளை ஒட்டி வைங்க. பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல கொடியேறி ஆகஸ்ட் 5-ல முடியுது. கொடியேத்தத்துக்கு முந்தின வாரம் கரையேத்தினா திருவிழா முடிஞ்சு இறக்கலாம். அடுத்தது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம். உங்க வீட்டுல பெருநாள்னா அதை ஒட்டி. கிரேனுக்கும் பெயிண்ட் வேலைக்கும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வைங்க. திருவிழா நேரத்துல கடைசி நிமிஷத்துல ஆள் தேடினா கிடைக்காது.

"சம்பாதிக்கிற நாளை இழக்கணுமா?"

அப்பா இதைக் கண்டிப்பா கேட்பார். நியாயமான கேள்வி. நல்லா மீன் படுற வாரத்துல படகை நிறுத்துறது வலிக்கும். அந்த நாலு நாளைக்கு கூட வர்ற ஆட்களுக்கும் பங்கு இல்ல. முறை 2-ல இந்த இழப்பு உண்டு, மறைக்க வேண்டாம். ஆனா நாம குறிக்கிற நாலு நாள் மீன் குறைஞ்ச நாளா இருக்கலாம். படகு தானா குறிக்கிற நாள் எப்போ வரும்னு சொல்ல முடியாது. அது சனிக்கிழமை ஏலத்துக்கு முந்தின நாளாவும் இருக்கலாம், கரையில இருந்து பல மைல் தள்ளியும் இருக்கலாம். நடுக்கடல்ல இன்ஜின் நின்னா அது பணப் பிரச்சனையோட முடியாது.

"முப்பது வருஷமா நாங்க ஓட்டலையா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஓட்டினாங்க. கடலைப் பத்தி அப்பாகிட்ட பாடம் எடுக்கப் போகாதீங்க. கடல் அவருக்குத் தெரியும். மாசாமாசம் பணம் சேர்க்க நிலையான சம்பளம் அவருக்கு இல்ல, உங்களுக்கு இருக்கு. பேச்சை அங்க இருந்து ஆரம்பிங்க.

பணத்தை எப்படிச் சேர்க்கிறது?

முறை 2-ல டீசலைத் தவிர்த்து வருஷச் செலவு 42,000. மாசத்துக்கு 3,500 ரூபாய்.

இப்போ பெர்சனல் லோனைப் பாருங்க. 40,000 ரூபாய், 15 சதவீத வட்டி, 12 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 3,610. வட்டி மட்டும் 3,300 ரூபாய் சொச்சம், பிராசஸிங் கட்டணம் தனி. மாசம் 3,610 கட்ட முடியுற உங்களால 3,500 சேர்க்கவும் முடியும். ரெண்டுக்கும் வித்தியாசம், கெட்டுப்போறதுக்கு முன்னாடி கொடுக்குறீங்களா, பின்னாடி கொடுக்குறீங்களாங்கிறதுதான்.

சம்பளம் வந்த மறுநாள் தானா பிடிக்கிற மாதிரி ஆறு மாச ஆர்.டி. போடுங்க, கரையேத்துற தேதிக்கு முன்னாடி முதிர்வாகுற மாதிரி. இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்ட்ல போடாதீங்க. ஆறு மாசத்துல வேணும்கிற பணம் சந்தை இறங்கி இருந்தா குறைஞ்சு வரும். உங்க சொந்த அவசரகால நிதியோடவும் கலக்காதீங்க. படகுக்குன்னு தனி கணக்கு, அதுக்கு அப்பா பேரையே வைங்க.

பெரிய வேலைக்குப் பணம் பத்தலைன்னா, வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குறதுக்கு முன்னாடி கிசான் கிரெடிட் கார்டு பத்தி பேங்க்ல கேளுங்க. 2018-19 பட்ஜெட்ல இருந்து அது மீனவர்களுக்கும் உண்டு. குறுகிய காலக் கடனுக்கு 7 சதவீத வட்டி, ஒழுங்கா திருப்பிக் கட்டினா 4 சதவீதம். வியாபாரி முன்பணத்துக்கு வட்டி இல்லாத மாதிரி தெரியும். ஆனா மீனை அவர்கிட்டயே, அவர் சொல்ற விலைக்குக் கொடுக்க வேண்டி வந்தா அதுதான் வட்டி.

புயலுக்கு வேற கணக்கு

மேல போட்ட கணக்கு சாதாரண நாளுக்கு. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ டெல்டா கரையோரத்துல ஏராளமான படகு நொறுங்குச்சு. 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம மாவட்டத்துல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி நேரத்துல தண்ணியும் முழுப் பாதுகாப்பு இல்ல, கரையும் இல்ல. எச்சரிக்கை வந்ததும் எல்லாரும் ஒரே கிரேனுக்கு ஓடுவாங்க. அதனால வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, செப்டம்பருக்குள்ள மூணு காரியம் முடிச்சிருங்க. நங்கூரக் கயிறைப் புதுசு பண்ணுங்க. படகுப் பதிவு ஆவணங்களோட போட்டோவை உங்க போன்லயும் வைங்க, நிவாரணம் கேட்கப் போனா முதல்ல கேட்கிறது அதைத்தான். காப்பீடு இருந்தா, எங்க நிறுத்தினா செல்லும், எதுக்கு செல்லாதுன்னு பாலிசியைப் படிங்க.

படகு இல்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அபார்ட்மென்ட் கீழ நிக்கிற உங்க காருக்கும் இதே கேள்விதான்: வருஷத்துல எத்தனை நாள் ஓடுது? ஓடாத நாள்ல அது என்ன செலவு வைக்குது? சர்வீஸ் பணம் முன்னாடியே சேருதா, இல்ல கார்டுல போகுதா?

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணுங்க. மூணு கேள்வி போதும். போன வருஷம் படகு எத்தனை நாள் கடலுக்குப் போச்சு? கடைசியா எப்போ கரையேத்துனீங்க? ஒரு தடவை ஏத்தி, சுரண்டி, பெயிண்ட் அடிச்சு இறக்க மொத்தம் எவ்வளவு ஆச்சு? அந்த மூணு எண்ணையும் மேல உள்ள கணக்குல போட்டா உங்க படகு எங்க நிக்கணும்னு தெரிஞ்சிடும். எத்தனை நாள்ல ரெண்டும் சமமாச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. 81-ஐ விட ரொம்ப வித்தியாசமா வந்தா உங்க ஊர்ல கூலி என்னன்னும் சேர்த்துப் போடுங்க, அடுத்த வீடியோவுல அந்த எண்களை வச்சே திரும்பக் கணக்குப் போடலாம்.